பக்கத்தில் இருப்பவர்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் இடம்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



முன்னைய உரையொன்றில் ஆங்கில நாவலாசிரியர் அல்டஸ் ஹக்ஸ்லியின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லிச் சென்றிருந்தேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஹக்ஸ்லி ஏதோவொரு மருந்தை உட்கொண்டு, தாம் கண்டதையெல்லாம் ஒரு நூலாக எழுதியதாகக் கேள்விப்பட்டேன். அத்தகைய வேளையில் மனத்துக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது, எழுத்தாளர்கள் சொல்வதை எவ்வளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறார். இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டாவது கேள்வி இலக்கியம் சார்ந்தது. முதலாவதற்கு விடை தேடினாலும் இலக்கியத்திடம்தான் போகவேண்டியிருக்கிறது. மருத்துவரால் வெளியே நின்று நாடி பார்க்க முடியும். உள்ளே என்ன நடந்தது என்பதை உள்ளே போய் வந்தவர்தானே சொல்லவேண்டும்?

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நாம் கள்ளையும் கஞ்சாவையும் அபினையும் போதைப்பொருள் என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் போதை என்றால் மயக்கம். மெஸ்கலின், எல்.எஸ்.டி., சிலவகைக் காளான்களில் உள்ள சிலோசைபின் ஆகியவற்றை உட்கொண்டவர்கள் எழுதிவைத்திருப்பதைப் படித்தால், அவர்கள் மயங்கினார்கள் என்று சொல்ல முடியாமல் இருக்கிறது. சிலவேளை தாங்கமுடியாத அளவுக்கு விழித்துக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. இந்தச் சங்கடம் ஆங்கிலத்திலும் இருந்தது. 1956இல் ஹம்ப்ரி ஒஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதமொன்றில், மனம், வெளிப்படுதல் என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லை உருவாக்கினார். உள்ளே இருப்பதை வெளியே காட்டுவது என்பது அதன் கருத்து. இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த ஒஸ்மண்ட் கனடாவில் ஒரு மனநல மருத்துவமனையில் பணியாற்றியவர். மெஸ்கலின் என்பது மெக்சிக்கோப் பக்கத்து பெயோட்டி என்னும் கள்ளிச்செடியில் உள்ள பொருள். அதை உட்கொண்டவரின் நிலைக்கும் மனச்சிதைவு நோயாளியின் நிலைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவரும் நண்பரொருவரும் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். அதைப் படித்த ஹக்ஸ்லி தாமாகவே அவருக்குக் கடிதம் எழுதித் தொடர்புகொண்டார். 1953 மே மாதம் ஒஸ்மண்ட் மாநாடு ஒன்றுக்காக லொஸ் ஏஞ்சல்ஸ் வந்தபோது ஹக்ஸ்லியின் வீட்டிலேயே தங்கினார். ஒருநாட் காலை மெஸ்கலினை அரைக்குவளை நீரில் கரைத்துக் கொடுத்தார். ஹக்ஸ்லிக்கு அப்போது 58 வயது. அந்த அறையில் மூவர் இருந்தனர்: அவர், மருத்துவர், ஹக்ஸ்லியின் மனைவி மரியா. பேச்சைப் பதிவுசெய்ய ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தது. மறுவருடம், 1954இல், ‘தி டோர்ஸ் ஒஃப் பெர்செப்ஷன்’ என்ற சிறு நூல் வெளிவந்தது. புலன்களின் கதவுகள் என்று நாம் சொல்லலாம். கவிஞர் வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்த தலைப்பு.

ஹக்ஸ்லி என்ன எதிர்பார்த்தார் என்பதைப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க, பிளேக் கண்டதுபோன்ற காட்சிகள், தெய்வ உருவங்கள், இரத்தினக் கோட்டைகள் எல்லாம் உள்ளே விரியும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் விரியவில்லை. பொன்னிற ஒளிகள் மெல்ல அசைந்தன, சில கோலங்கள் தோன்றி மறைந்தன, அவ்வளவுதான். அதற்குக் காரணத்தை அவரே சொல்கிறார். தமக்கு மனக்கண்ணால் பார்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. சொற்களைக் கேட்டாலும் படித்தாலும் தம் மனத்தில் படங்கள் எழுவதில்லை என்கிறார். அவர் பதினாறு வயதில் கண்நோயால் ஏறத்தாழப் பார்வையிழந்து, பின்னர் ஓரளவு மீண்டவர் என்பதையும் இங்கே நினைவுகொள்ளவேண்டும். ஆக, முதற்பாடம்: எதிர்பார்த்துப் போனது அங்கே இருக்கவில்லை. மருந்து புதிதாக ஒரு மனத்தைக் கொண்டுவந்து வைக்கவில்லை. இருந்த மனத்தோடுதான் அதுவும் சமாளிக்கவேண்டியிருந்தது.

மாற்றம் வெளியே நிகழ்ந்தது. மருந்தை உட்கொண்டு ஒன்றரை மணி நேரத்தின் பின் அவர் மேசையிலிருந்த ஒரு பூச்சாடியைப் பார்த்தார். அதில் மூன்றே மூன்று பூக்கள் இருந்தன: ஒரு ரோசா, ஒரு கார்னேஷன், ஒரு ஐரிஸ். காலையுணவின்போது அவற்றின் நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று நினைத்த அதே பூக்கள். இப்போது பொருத்தமா பொருத்தமில்லையா என்ற பேச்சே எழவில்லை. அவை இருந்தன, அந்த இருத்தலே போதுமாயிருந்தது. இது இன்பமாக இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டபோது, இன்பமுமில்லை, துன்பமுமில்லை, இருக்கிறது, அவ்வளவுதான் என்ற கருத்தில் பதில் சொன்னார். இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். உணர்ச்சியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு உணர்ச்சிச்சொல் இல்லாத ஒரு பதில்! இத்தகைய அனுபவத்தைப் பேரின்பக் கூத்தாக வர்ணிக்கும் பிற்கால எழுத்துக்களை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது சொந்தமாகக் கண்டது, எது கேட்டுச் சொன்னது என்பது தெரிந்துவிடும்.

பிறகு காலம். நேரத்தைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். அது வேண்டிய அளவு இருப்பதுபோல் தோன்றுகிறது என்றார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. தூரம், இடம் என்பனவும் அப்படியே. பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பது முக்கியம் இழந்து, அவை எவ்வளவு செறிவாக இருக்கின்றன என்பதே முக்கியமாகியது. மூங்கிற் கதிரையொன்றின் கால்களைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்திருக்கிறார். அது சில நிமிடமா, பல நூற்றாண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. தம்முடைய சாம்பல்நிறக் காற்சட்டையின் மடிப்புகளைக் குனிந்து பார்த்து, பழைய ஓவியர்கள் ஏன் ஆடை மடிப்புகளை அத்தனை பாடுபட்டு வரைந்தார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது என்கிறார். நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் இந்த ஆடை மடிப்பைப் பற்றியவை. கலை விமர்சனம் என்ற அளவிலேயே அவை நிற்கும். இசையைப் பற்றி எழுதியது அத்தனை சிறப்பாக இல்லை. மொசார்ட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்பதுதான் அதில் நினைவில் நிற்கும் செய்தி.

இவற்றுக்கெல்லாம் அவர் தந்த விளக்கம் ஓர் உவமை. தத்துவஞானி பெர்க்சனையும் கேம்பிரிட்ஜ் தத்துவஞானி பிரோடையும் பின்பற்றி, மூளையானது தண்ணீர்க் குழாயின் வால்வு போன்றது என்றார். வெள்ளமாய் வரக்கூடிய அறிவை, உயிர்வாழ்வதற்கு வேண்டிய துளிகளாகக் குறைத்துத் தருவதே அதன் வேலை. மருந்து அந்த வால்வைத் தளர்த்திவிடுகிறது. விஞ்ஞானம் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிலோசைபின் கொடுக்கப்பட்டவர்களின் மூளையைப் படம்பிடித்த ஆய்வாளர்கள், மூளையின் தொழிற்பாடு எங்கும் கூடியிருக்கக் காணவில்லை. முக்கியமான சில இணைப்பு மையங்களில் அது குறைந்திருக்கவே கண்டார்கள். ஓர் உவமைக்கு அறுபது வருடங்களின் பின் இந்த மட்டில் ஆதரவு கிடைப்பது பெரிய காரியந்தான்.

அந்நிலையில் எதையும் செய்யவேண்டும் என்ற விருப்பம் வலுவிழந்துவிடுகிறது என்றும் ஹக்ஸ்லி குறிப்பிடுகிறார். பார்க்கவேண்டியது இத்தனை இருக்க, செய்வதற்கு என்ன அவசரம்? இதை அவர் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஒரு சிக்கலாகவே சொல்கிறார்.

இங்கேதான் அந்த நூலில் என்னை மிகவும் உறுத்திய இடம் வருகிறது. அறையில் இருந்த மற்ற இருவரின் கண்களையும் தாம் வேண்டுமென்றே தவிர்த்துக்கொண்டிருந்ததை ஹக்ஸ்லி கவனிக்கிறார். ஒருவர் தம் மனைவி, மற்றவர் தாம் மதித்து விரும்பிய ஒரு மனிதர். இருந்தும் இருவரும், எதிலிருந்து தாம் அந்நேரம் விடுபட்டிருந்தாரோ அந்த உலகத்தைச் சேர்ந்தவர்கள். கதிரைக் காலில் எல்லையில்லாத மகிமையைக் கண்ட மனிதருக்கு, ஏறத்தாழ முப்பத்துநான்கு ஆண்டுகள் கூட வாழ்ந்த மனைவியின் முகத்தைப் பார்க்க மனமில்லை. இதை அவர் மறைத்திருக்கலாம். மறைக்காமல் எழுதினாரே, அதனாலேயே நான் அவரை நம்புகிறேன். நேயரின் இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுதான்: தமக்குச் சாதகமில்லாததையும் எழுதிவைப்பவரை நம்பலாம்.

இனிப் பயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பிற்பகலில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஒரு கதிரை. அதன் துணி இருக்கையில் வெயிலும் நிழலும் கோடு கோடாய் விழுந்திருந்தன. திடீரென்று அது கதிரையாக இல்லாமல் போய்விட்டது. இறுதித் தீர்ப்பு நாளின் முன் நிற்பதுபோல் ஆகிவிட்டது என்கிறார். இதற்குமேல் போனால் தாங்கமாட்டேன், உடைந்துபோவேன் என்ற அச்சம். கவனியுங்கள், அங்கே பேயோ பாம்போ வரவில்லை. அழகு அளவுக்குமேல் கூடியது, அதுவே பயமாயிற்று. மனச்சிதைவு நோயாளியின் நிலை என்னவென்று அவருக்கு அப்போது ஓரளவு விளங்கியது. தவறான அடியெடுத்து வைத்துவிட்டால், அதன்பின் நடப்பதெல்லாம் தமக்கெதிரான சூழ்ச்சிக்குச் சாட்சியாகவே தெரியும், அதிலிருந்து வெளியேற வழியிருக்காது என்று மருத்துவரிடம் சொன்னார்.

அப்போது மரியா ஒரு கேள்வி கேட்டார். திபெத்திய மரண நூல் என்று ஒன்று உண்டு. இறந்துகொண்டிருப்பவரின் அருகில் அமர்ந்து, அச்சுறுத்தும் காட்சிகளைக் கண்டு அஞ்சாதே, ஒளியை நோக்கிப் போ என்று வாசித்துச் சொல்லும் நூல். அந்நூல் கூறும் தெளிந்த ஒளியில் உங்களால் இப்போது மனத்தைச் செலுத்த முடியுமா என்று அவர் கேட்டார். தனியாக முடியாது, யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருவேளை முடியும் என்ற கருத்தில் ஹக்ஸ்லி பதில் சொன்னார். அந்தச் சடங்கின் நோக்கமே அதுதானே என்றார். யாருடைய கண்களைக் காலையில் தவிர்த்தாரோ, அவரே பிற்பகலில் சரியான கேள்வியைக் கேட்டவர். ஹக்ஸ்லி இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே நூலில் சில பக்க இடைவெளியில் இருக்கின்றன.

பயத்தின் இன்னொரு சாட்சியத்தையும் பார்ப்போம். எல்.எஸ்.டி.யைக் கண்டறிந்தவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து இரசாயனவியலாளர் அல்பேர்ட் ஹொஃப்மன். 1943 ஏப்ரல் 19ஆம் திகதி, கால் மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவை வேண்டுமென்றே உட்கொண்டார். அது எவ்வளவு பெரிய அளவு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சிறிது நேரத்தில் பேச்சுத் தடுமாற, உதவியாளருடன் வீட்டுக்குப் புறப்பட்டார். யுத்த காலம், மோட்டார் வண்டி இல்லை. துவிச்சக்கர வண்டியில்தான் போனார்கள். தாம் ஓரடிகூட நகரவில்லை என்று அவருக்குத் தோன்றியது. வெகு வேகமாக வந்ததாக உதவியாளர் பின்னர் சொன்னார். வீட்டில் மனைவி இல்லை, பிள்ளைகளோடு லூசேர்ன் போயிருந்தார். நஞ்சு முறிக்கலாம் என்ற எண்ணத்தில் அயல்வீட்டுப் பெண்ணிடம் பால் கேட்டார். பால் கொண்டுவந்த அந்த நல்ல பெண், வர்ணம் பூசிய முகமூடியணிந்த சூனியக்காரியாகத் தெரிந்தார். தமக்குள் ஒரு பிசாசு புகுந்துவிட்டது, தாம் இறந்துகொண்டிருக்கிறோம், மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறோம், இந்த மடத்தனத்தை யாரிடமும் விளக்கக்கூட முடியாது என்றெல்லாம் மனம் ஓடியது. மருத்துவர் வந்து பார்த்தார். கண்மணிகள் விரிந்திருந்ததைத் தவிர வேறு குறை எதுவும் தென்படவில்லை. உடல் சாகவில்லை என்று மருத்துவர் வாயால் கேட்ட பிறகுதான் அச்சம் மெல்ல வடிந்தது. மூடிய கண்ணுக்குள் வர்ணங்கள் விளையாடத் தொடங்கின. கதவோசையும் தெருவில் போகும் வண்டியின் ஓசையும் வடிவங்களாக மாறின. மறுநாட் காலை தோட்டத்தில் நடந்தபோது, மழைபெய்து வெயில் எறித்த உலகம் புதிதாய்ப் படைக்கப்பட்டதுபோல் இருந்தது என்று 1979இல் வெளியான நூலில் எழுதினார். அந்நூலுக்கு அவர் வைத்த பெயர், எல்.எஸ்.டி. எனது தொல்லைப் பிள்ளை என்ற பொருளுடையது. பெற்றவருக்குத் தெரியாதா பிள்ளையின் குணம்!

ஒரே பொருள், வெவ்வேறு மனங்கள். பிரெஞ்சுக் கவிஞர் ஹென்றி மிஷோ மெஸ்கலினைப் பலமுறை உட்கொண்டு, 1956இல் ‘மிசெராப்ள் மிராக்ள்’ என்ற நூலை வெளியிட்டார். அற்பமான அற்புதம் என்று தலைப்பிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். (நம்மூருக்கும் வந்து, இலங்கையைப் பற்றித் தம் ஆசியப் பயண நூலில் ஓர் அத்தியாயம் எழுதியவர் இவர்.) ஹக்ஸ்லிக்கு அமைதியாக நின்ற உலகம், மிஷோவுக்கு அதிவேகமாய் அதிர்ந்து கிழிபடும் கோடுகளாயிற்று. ஒருமுறை கணக்குத் தவறிப் போதுமான அளவின் ஆறுமடங்கை உட்கொண்டுவிட்டு, பைத்தியத்தின் வாசல்வரை போய் வந்தார். மறுபுறம் ஒக்ஸ்போர்ட்டில், இராதாகிருஷ்ணனுக்குப் பின் கீழைத்தேச மதங்களின் பேராசிரியராக வந்த ஸேனர், ஹக்ஸ்லியை மறுப்பதற்காகவே 1955இல் மெஸ்கலினை உட்கொண்டார். அவருக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்ததாம், சிரிப்பை அடக்க முடியவில்லையாம். இதற்கும் இறைவனுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை என்று 1957இல் எழுதினார். ஞானியைத் தேடிப் போனவருக்கு ஞானம் போன்ற ஒன்று. மறுக்கப் போனவருக்கு மறுப்பு. உள்ளே இருப்பதை வெளியே காட்டுவது என்ற ஒஸ்மண்டின் சொல் எவ்வளவு பொருத்தம்!

ஹக்ஸ்லியும் 1956இல் எழுதிய தொடர்ச்சி நூலில் இதை நெருங்கி வருகிறார். அச்சம், வெறுப்பு, கோபம் ஆகியவற்றோடு போகிறவனுக்கு அதே ஒளி நரகமாகும் என்கிறார். சொர்க்கக் காட்சியில் உடல் மறந்துபோகிறது. நரகக் காட்சியில் உடல் மேலும் மேலும் இறுகிக் கனக்கிறது என்ற அவருடைய அவதானம் கூர்மையானது.

நம் காலத்து ஆராய்ச்சியும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேருக்குச் சிலோசைபின் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முன்கூட்டியே பேசிப் பழகிய துணையாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அமைதியான அறை, மெத்தையிருக்கை, இசை எல்லாம் இருந்தன. மூன்றில் இரண்டு பங்கினர் தம் வாழ்வின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களுள் ஒன்றாக அதைக் கூறினார்கள். ஆனால், இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கடும் பயத்தை அனுபவித்தார்கள். முதலாவது எண்ணிக்கையை மட்டும் சொல்லித்திரிபவர்கள் இன்று அதிகம். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை இத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பதில்லை என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் கீழ் இப்பொருள்கள் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டவை. 2023இல் அவுஸ்திரேலியா, வேறு மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்குச் சிலோசைபினை மனநல மருத்துவர்கள் வழங்க வழிவிட்டது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆய்வுகூடத்துக்கு வெகுகாலம் முன்பே இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் உண்டு. மெக்சிக்கோவின் ஒஹாக்கா மலைப் பகுதியில் ஹுவௌட்லா என்ற ஊரில் மரியா சபினா என்ற மசடெக் இனத்துப் பெண் வாழ்ந்தார். எழுத்தறியாதவர். நோயாளிக்காக இரவில் சடங்கு நடத்தி, காளானை உட்கொண்டு, விடியும்வரை பாடுவார். அந்தப் பாட்டுத்தான் இருட்டில் பிடித்துக்கொண்டு நடக்கும் கயிறு. இன்று அவர் பாடல்கள் வாய்மொழி இலக்கியத்தின் பெருஞ் செல்வங்களாகக் கொள்ளப்படுகின்றன. 1955இல் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் அவருடைய சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் ‘லைஃப்’ சஞ்சிகையில் அதுபற்றி எழுதினார். பிறகு என்ன, வெளியூர் இளைஞர் கூட்டம் கூட்டமாக மலையேறி வந்தது. ஊரார் அப்பெண்மீது கோபம் கொண்டனர். அவர் வீடு எரிக்கப்பட்டது. முன்னர் நோயாளிகள் குணமடைவதற்காகவே காளானை உட்கொண்டார்கள், வந்தவர்களோ கடவுளைக் காண்பதற்காக உட்கொண்டார்கள், அதன்பின் காளானின் வலிமை போய்விட்டது என்று அவர் பின்னாளில் வருத்தத்துடன் கூறியிருக்கிறார். 1985இல் காலமானார். சஞ்சிகையில் காளானைப் பற்றிப் படித்தவர்களுக்குப் பாடுகிறவரின் அருமை புரியவில்லை.

ஹக்ஸ்லியிடம் திரும்புவோம். அந்த மே மாதக் காலையிலிருந்து இரண்டு ஆண்டு செல்லுமுன், 1955 பெப்ரவரியில், மரியா புற்றுநோயால் இறந்தார். கடைசி மணித்தியாலங்களில் ஹக்ஸ்லி அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருந்தார். மரியா விரும்பிய பாலைவனத்தின் ஒளியை நினைவூட்டினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒளிக்குள் முன்னோக்கிப் போகச் சொன்னார். தோட்டத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது கேட்டவருக்கே விடை கொடுக்கவேண்டியதாயிற்று.

அவருடைய கடைசி நாவல் ‘ஐலண்ட்’ 1962இல் வெளிவந்தது. அதற்கு முந்திய வருடம் அவர் வீடு தீப்பிடித்து நூலகமும் கடிதங்களும் நாட்குறிப்புகளும் சாம்பலானபோது, தப்பியவற்றுள் இந்நாவலின் கையெழுத்துப் பிரதியும் ஒன்று. நாவல் என்ற வகையில் அதில் பிரசங்கம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாலா என்ற கற்பனைத் தீவில் மக்கள் மோட்ச மருந்து என்ற ஒன்றை உட்கொள்கிறார்கள். ஆம், நம்முடைய மோட்சந்தான். கடைசி அத்தியாயத்தில் வில் என்ற வெளியூர்ப் பத்திரிகையாளன் அதை உட்கொள்கிறான். சுசீலா என்ற பெண் பக்கத்தில் இருக்கிறாள். முதலில் ஒளியும் பேரின்பமும். பிறகு ஒரு பல்லி கண்ணில் படுகிறது. கும்பிடுபூச்சி தன் இணையைத் தின்கிறது. உலகம் முழுவதும் ஒன்றையொன்று விழுங்கும் அர்த்தமற்ற யந்திரமாகத் தெரிகிறது. அவன் கண்களை மூடிக்கொள்ளப் பார்க்கிறான். சுசீலா விடவில்லை. பார்க்கச் சொல்கிறாள். இறுதியில் அவளுடைய முகத்தைப் பார்க்கச் சொல்கிறாள். அவன் பார்க்கிறான். வெளியே, தீவைக் கைப்பற்ற வந்த படையின் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த முகம் இருக்கிறது. அந்த வாகனங்களும் இருக்கின்றன. ஒன்று மற்றதை இல்லாமற் செய்யவில்லை.

1953இல் கண்களைத் தவிர்த்தவர், 1962இல் முகத்தில் வந்து முடிக்கிறார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அவர் மேலும் சில தடவைகள் இம்மருந்துகளை உட்கொண்டது உண்மைதான். ஆனால் மருந்தா அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது, மரியாவின் மரணப்படுக்கையா? என்னிடம் கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். நேயர்கள் மாறுபடலாம்.

1963 நவம்பர் 22. ஹக்ஸ்லி புற்றுநோயால் பேச்சிழந்து படுத்திருந்தார். 1956இல் அவரை மணந்த லோரா பக்கத்தில் இருந்தார். அன்று முற்பகலில் ஹக்ஸ்லி ஒரு தாளில் நடுங்கும் கையால், எல்.எஸ்.டி.யை ஊசிமூலம் ஏற்றும்படி அளவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தார். லோரா மருந்தெடுக்கப் போன அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைச் சூழ்ந்து நின்றார்கள். ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட செய்தி.  தம் கையாலேயே ஊசியைப் போட்டார். பின்னர் இன்னொன்றும் போட்டார். அதன்பின் ஹக்ஸ்லியின் காதருகே குனிந்து, பாரமில்லாமல், ஒளியை நோக்கி, முன்னே போகும்படி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்வது கேட்கிறதா என்று ஒருமுறை கேட்டார். ஹக்ஸ்லி அவருடைய கையை அழுத்தினார். மாலை 5.20க்கு மூச்சு நின்றது.